மாத்திரைப் பசி

எனக்கு வந்த நோய்க்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பேர் உண்டு. இத்தனை வருஷத்தில் எத்தனையோ டாக்டர்கள் அதை எனக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். என் நாக்கில் ஒட்டவே இல்லை. ஒட்டவும் வேண்டாம். நோய் என் உடம்போடு நின்றது. அதற்குக் கொடுத்த மருந்து எங்கள் வீட்டையே புரட்டிப் போட்டது. அதைத்தான் சொல்லப் போகிறேன். சுற்றி வளைத்துச் சொல்கிற பொறுமை எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

மலாயாவில் அப்போது அவசரகாலம். ரெம்பாவுக்குப் போகிற தார்ச் சடக்கிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ரப்பர் தோட்டம். சிதறிக் கிடந்த லயத்து வீடுகளை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். காட்டுக்குள் இருந்து சண்டை போடுகிறவர்களுக்குத் தோட்டத்து ஆட்கள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாது, அதற்குத்தான் அத்தனை காவலும். விடிகிற வரை வெளியே தலை காட்டக் கூடாது. வேலைக்குப் போகும்போது ஆம்பளையை ஆம்பளையும் பொம்பளையைப் பொம்பளையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு ரொட்டி எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. நானும் என் வீட்டுக்காரரும் அங்கே பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். அவர் வெட்டுகிற மர நிரையும் என் நிரையும் அடுத்தடுத்து இருக்கும். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை.

முதலில் என் கண் இமைதான் வீங்கியது. காலையில் எழுந்தால் இரண்டு கண்ணும் பாதிதான் திறக்கும். "ராத்திரி சண்டையா, அழுதியா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். சண்டை போட்டால் அழுகிற ஆள் நானில்லை என்பது அவளுக்கே தெரியும். மத்தியானத்துக்குள் இமை வடிந்துவிடும் என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அப்புறம் சாயங்காலமானால் கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அமுக்கினால் குழி விழும். அது மறுபடி எழும்ப நேரமாகும். மெட்டி சதைக்குள் புதைந்து, சோப்புத் தண்ணீர் போட்டு அவர்தான் உருவி எடுத்தார். ஒன்றுக்குப் போனால் நுரை நுரையாக நிற்கும், தண்ணீர் ஊற்றினாலும் கலையாது. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது என்று சும்மா இருந்துவிட்டேன்.

பிறகு வயிறு ஏறியது. லயத்துப் பொம்பளைகள் கூடி முடிவே பண்ணிவிட்டார்கள். ஒருத்தி மாங்காய் நறுக்கிக் கொண்டுவந்தாள், இன்னொருத்தி பழைய துணியெல்லாம் கிழித்து வைத்திருக்கிறேன் என்றாள். அது இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கொஞ்ச நாள் நம்பிப் பார்த்தேன். அந்த ஆசையை இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்கே பாவமாக இருக்கிறது. கேட்டில் சோதனை போடுகிறவள் மட்டும் நம்பவில்லை. சேலைக்குள் அரிசி கட்டியிருக்கிறேன் என்று தினமும் வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்ப்பாள்.

"உள்ள என்ன வச்சிருக்க?" என்றாள் ஒருநாள்.

"கண்டுபுடிச்சா எனக்கும் சொல்லுலா, நானும் அதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு டிரசர் இருந்தார். மலேரியா, புண், வயிற்றோட்டம், அவரிடம் வருகிற கூட்டம் எல்லாம் அவ்வளவுதான். என் காலைப் பார்த்ததும், தீட்டின அரிசி தின்று வருகிற வீக்கம் என்று வைட்டமின் மாத்திரை கொடுத்தார். அந்தக் காலத்தில் அந்த வீக்கம் நிறையப் பேருக்கு உண்டு, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மாத்திரை தீர்ந்தது, வீக்கம் தொடைக்கு ஏறியது. குனிந்து மரம் வெட்டினால் மூச்சு வாங்கியது. அப்புறம்தான் மூத்திரத்தைப் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். சூடேற ஏற அது வெள்ளையாகத் திரண்டு, அவித்த முட்டைபோல் கெட்டியாகிவிட்டது. டிரசர் குழாயைக் கவிழ்த்துப் பார்த்தார். கீழே விழவில்லை.

"இது என் கைக்கு மீறினது தாயி," என்றார். "ஒடம்புல உள்ள சத்தெல்லாம் இதுல போவுது. சிரம்பானுக்குப் போயிரு."

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு வாய்த்த டாக்டர் சிலோன்காரர். அவர் பேசுகிற தமிழ் முதலில் பாதி எனக்குப் புரியாது, ஆனால் கேட்க நன்றாக இருக்கும். காலை அமுக்கி, முதுகைத் தட்டி, ரத்தம் எடுத்து, மூத்திரத்தைப் போத்தல் போத்தலாகப் பிடித்து, எல்லாம் பார்த்து முடித்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வெளியில இருந்து ஒரு கிருமியும் வந்து உம்மட சிறுநீரகத்தைக் கெடுக்கேல்லைப் பிள்ளை. உம்மட உடம்புதான் கெடுக்குது," என்றார். காவலுக்கு வைத்தவனே வீட்டுக்காரனைத் திருடன் என்று நினைத்து அடிக்கிற மாதிரி என்று விளக்கினார்.

"ஏன் அடிக்கிறான்?"

"அது எங்களுக்கும் வடிவாத் தெரியாது."

தெரியாது என்று வாய்விட்டுச் சொன்ன முதல் வைத்தியர் அவர்தான். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. லேசில் யாருக்கும் வராத வியாதி, தானே நேரில் பார்த்ததைவிடப் புத்தகத்தில் படித்ததுதான் அதிகம் என்றும் சொன்னார்.

உப்பை நிறுத்தினார்கள். கருவாடு இல்லாமல் சோறு தின்று எனக்குப் பழக்கமே கிடையாது. வேகவைத்த பூசணிக்காயையும் வெறுஞ்சோற்றையும் கொண்டுவந்து வைத்தால் தட்டைத் தூக்கி எறியலாம்போல வரும். உப்பை நிறுத்தியும் வீக்கம் நிற்கவில்லை. கால் தோல் கண்ணாடிபோல் மினுமினுத்து, கீறல் விழுந்த இடத்தில் நீர் கசிந்தது. படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணை அடுக்கி உட்கார்ந்தபடியே கிடந்தேன். அடுத்த கட்டிலில் இருந்தவளின் முகத்தைப் பார்த்தால், நான் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று அவள் நினைத்தது தெரிந்தது.

அப்போதுதான் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை வந்தது. சீமையிலிருந்து புதிதாக வந்த மருந்து, கையிருப்பு கொஞ்சம்தான் என்று சொல்லி டாக்டர் அதைத் தன் அலமாரியிலேயே வைத்துப் பூட்டிக்கொண்டார். கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று ஒரு காலையில் தண்ணீர் உடைத்துக்கொண்டது. கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடந்தே என் பொழுது போயிற்று. நர்சு மிஸ்ஸி அளந்து அளந்து ஊற்றிவிட்டு, இதெல்லாம் உனக்குள்ளேயா இருந்தது என்று கேட்டாள். ஒரு வாரத்துக்குள் என் கணுக்கால் எலும்பு வெளியே வந்தது. ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்த சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். டாக்டர் என் மூத்திரத்தை விளக்கில் காட்டினார். அது தண்ணீராகவே நின்றது, திரளவில்லை.

அனுப்பும்போது உட்கார வைத்துச் சொன்னார். "இந்தக் குளிசையால முகம் உருண்டு வரும். நித்திரை குறையும். கோபம் வரும். பசிக்கும். நீர் நினைக்கிற மாதிரிப் பசியில்லை, அது வேறை பசி."

"கோவம் ஏற்கெனவே இருக்கு டாக்டரய்யா."

"இனிக் கூடும். ஆனால் ஒண்டு கேளும். குளிசையை நான்தான் மெல்ல மெல்லக் குறைப்பன். நீராக ஒருநாளும் நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டினால் வீக்கமும் திரும்பும், உயிருக்கும் மோசம்."

தலையாட்டிவிட்டு லாரி ஏறினேன்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் தோட்டத்தில் புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். யார் வீட்டிலும் அரிசி இருக்கக் கூடாது. அரிசியாக இருந்தால் ஒளித்து வைத்துக் காட்டுக்கு அனுப்பலாம், சோறாக இருந்தால் அன்றைக்கே ஊசிப்போய்விடும் அல்லவா? அதனால் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துப் பக்கம் ஒரு கொட்டகை போட்டு எல்லாருக்கும் ஒரே இடத்தில் சமையல். காலையில் வேலைக்குப் போகுமுன் ஆளுக்கு ஒரு அகப்பை, வேலை முடிந்து வந்தபின் ஆளுக்கு ஒரு அகப்பை. தட்டை நீட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து தின்ன வேண்டும். கிராணி மாதிரி ஆபீஸ்காரர்கள் வீட்டில் மட்டும் அடுப்பில் சோறு வேகும்.

இந்த ஊருக்குத்தான் நான் அந்தப் பசியைக் கொண்டுவந்தேன். அதை எப்படிச் சொல்வது? தின்று கை கழுவும்போதே அடுத்த சோறு எப்போது என்று மனம் கணக்குப் போடும். வயிறு நிறைந்திருக்கும், பசி அப்படியே இருக்கும். வேலிக்குள் இருந்த பப்பாளி மரங்களில் ஒரு காயையும் நான் விட்டு வைக்கவில்லை, அவித்துத் தின்றேன். உட்கார முடியாது. பெருக்கின வீட்டையே மறுபடி பெருக்குவேன், துவைத்த துணியை அவிழ்த்துத் துவைப்பேன். தூக்கம் என்பதே இல்லை. யாராவது என்னைப் பார்த்துச் சும்மா சிரித்தாலும் சண்டைக்குப் போவேன். சமையல் கொட்டகையில் அகப்பை பிடிக்கிற பொம்பளையிடம், அடுத்தவளுக்குக் குவித்துப் போட்டு எனக்கு வழித்துப் போடுகிறாய் என்று தட்டை ஆட்டிக் கத்தியிருக்கிறேன். அவள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போட்டாள்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். நான் பேசுகிற பேச்சுக்கு அப்படி ஒருத்தர்தான் தாங்குவார் என்று லயத்தில் சொல்வார்கள். கொட்டகையிலிருந்து சோறு வாங்கி வந்ததும் தன் தட்டிலிருந்து பாதியை என் தட்டில் தள்ளுவார். சில நாள் முழுசாகவே தள்ளிவிடுவார். முதல் தடவை நான் வேண்டாம் என்று சொன்னேன்.

"சாப்புடு புள்ள. கிராணி வீட்டுல வெறகு பொளந்தேன். அங்க ரொட்டியும் டீயும் குடுத்தாங்க, வயிறு திம்முனு இருக்கு," என்றார்.

அடுத்தடுத்த நாளும் கிராணி வீட்டு ரொட்டிதான். நான் நம்பினேன். அந்தப் பசி எதைச் சொன்னாலும் நம்பும். எனக்காகக் கங்கோங் கீரையை உப்பில்லாமல் தனியாக வேகவைத்து அதையும் பக்கத்தில் வைப்பார்.

டாக்டர் சொன்னபடியே என் முகம் உருண்டது. கன்னம் இரண்டும் பளபளவென்று உப்பி, தாடை மறைந்துபோயிற்று. "ஆஸ்பத்திரிச் சோறு நல்லா ஒட்டியிருக்கு," என்று ஆரம்பத்தில் கேலி பண்ணினார்கள். ஆளுக்கு ஒரு அகப்பையில் எல்லாரும் எலும்பும் தோலுமாக ஆகிக்கொண்டிருந்தபோது என் கன்னம் மட்டும் வளர்ந்தால் கேலி எத்தனை நாள் கேலியாக இருக்கும்? இவளுக்கு எங்கேயிருந்தோ சோறு வருகிறது, அல்லது இவர்கள் வீட்டு வழியாக எங்கேயோ சோறு போகிறது என்று பேச்சு கிளம்பியது. பக்கத்து வீட்டு அக்காகூட நான் போனால் பேச்சை நிறுத்தினாள்.

மழைக்காலம். காலையில் சேற்றில் வரிசையாக நின்று கேட்டில் சோதனை நடந்துகொண்டிருந்தது. எனக்கு முடிந்து வெளியே வந்து நின்றேன். என் வீட்டுக்காரருடைய வாளியைக் கான்ஸ்டபிள் ஒருவன் வாங்கி, அடியில் மடித்து வைத்திருந்த பால் வடிகட்டுகிற துணியைத் தூக்கினான். கீழே ஒரு வாழையிலைப் பொட்டலம். பிரித்தால் சோறு, மேலே கொஞ்சம் கங்கோங் கீரை.

அவர் அப்படி ஒன்றை எடுத்து வருகிறார் என்று எனக்குத் தெரியாது. அதற்கு முந்தின வாரம் நான் மரத்தடியில் மயங்கி விழுந்தேன், அதைப் பார்த்துப் பயந்துபோயிருக்கிறார். இன்ஸ்பெக்டர் வந்தார். கிராணியைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்கள்.

"என் சம்சாரத்துக்குங்க," என்றார் இவர். "அவ மாத்திர சாப்புடுறா. அது பசியக் கெளப்பிவிடுது. பாதி வேலையில மயங்கி வுழுந்துர்றா."

கிராணி மலாயில் சொன்னார். இன்ஸ்பெக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். மழையில் நனைந்து, உருண்டு திரண்ட முகத்தோடு நான் நின்றுகொண்டிருந்தேன். "இனி ஓராங் லாப்பார்?" என்றார். இவளா பசியில் வாடுகிறவள் என்று அர்த்தம். கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். வரிசையில் நின்ற நம்முடைய ஆட்களிலும் சிலர் சிரித்தார்கள். அவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"ஆமா, எனக்குத்தான் பசி. அந்த மாத்திரைய நாலு நாளு நீ தின்னுட்டு வந்து சிரி," என்று கத்தினேன். கிராணி அதை மொழிபெயர்க்கவில்லை. நல்ல மனுஷன்.

என் வீட்டுக்காரரை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது திரும்பி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"மாத்திரைய நிறுத்திராத."

அன்று சாயங்காலம் கிராணி என்னைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார். "சோத்தக் கேட்டத் தாண்டிக் கொண்டு போனாலே வருஷக் கணக்குல உள்ள வச்சிருவாங்க. காட்டுக்குத்தான் கொண்டு போனான்னு முடிவு கட்டிட்டாங்கன்னா அதுக்கும் மேல. செல பேரக் கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கே அனுப்பியிருக்காங்கம்மா."

என் வீட்டுக்காரர் பிறந்ததே இந்தத் தோட்டத்தில்தான். இந்தியாவில் எந்தத் துறைமுகத்தில் இறக்கிவிட்டால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது.  கேட்டில் அவர் சொன்னது அத்தனையும் உண்மை, அந்த உண்மையைப் பொய்யாக்கியது என் முகம். என் கன்னம் ஒட்டியிருந்தால் அந்த இன்ஸ்பெக்டர் நம்பியிருப்பார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. நாட்டு மருந்தானாலும் சரி, ஆஸ்பத்திரி மருந்தானாலும் சரி, வீக்கம் வடிந்தால் மருந்தை விடுவதுதான் எங்கள் பழக்கம். வடிந்தபின்னும் தின்கிற மருந்து என்ன மருந்து? நிறுத்தினால் முகம் வற்றும், வற்றின முகத்தோடு போய் நிற்கலாம் என்று மாத்திரை டப்பாவைப் பரண்மேல் தூக்கிப் போட்டேன்.

பசி உடனே போய்விட்டது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்புறம் வாந்தி. எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாளியைத் தூக்கக் கையில் வலுவில்லை. முகம் வற்றும் என்று காத்திருந்த எனக்கு, ஒரு காலையில் இரண்டு கண்ணும் பாதிதான் திறந்தன. காலை அமுக்கிப் பார்த்தேன். குழி விழுந்தது. டிரசர் வந்து பார்த்துவிட்டு உடனே என்னை லாரியில் ஏற்றிவிட்டார்.

சிலோன் டாக்டருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "ஆர் உம்மை நிப்பாட்டச் சொன்னது? உமக்கு நான் சொன்னனானெல்லே? சாகிறதெண்டால் அதுக்கேன் என்னட்டை வாறீர்?"

நான் சொன்னேன். பொட்டலம், ஜீப்பு, கப்பல் எல்லாவற்றையும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அவர் காதிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டு முழுசாகக் கேட்டார்.

"இதை ஏன் முதலே வந்து என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்க டாக்டரு. போலீசா?"

"பசியைத் தந்தது நானெல்லே," என்றார்.

மறுபடி மாத்திரை தொடங்கியது. மறுபடி தண்ணீர் உடைத்தது, வீக்கம் வடிந்தது, பின்னாலேயே பசியும் வந்தது. அதற்காகவே காத்திருந்த மாதிரி டாக்டர் எங்கெல்லாமோ டெலிபோன் பண்ணி ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியை வார்டுக்கே வரவழைத்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். என் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார்.

"வெக்கப்படாமல் சாப்பிடும்," என்றார் என்னிடம்.

"நான் என்ன சர்க்கஸ் ஆனையா?"

"உம்மட மனுசன் வெளியில வரவேணுமெண்டால் சாப்பிடும்."

சாப்பிட்டேன். உப்பில்லாத சோறு, உப்பில்லாத பூசணிக்காய், ஒரு அவித்த முட்டை. தட்டு காலியானதும் டாக்டர் கண்ணைக் காட்டினார், இன்னொரு தட்டு வந்தது. அதுவும் போயிற்று. அடுத்த கட்டிலில் மிச்சம் வைத்த சோற்றையும் கொண்டுவரச் சொன்னார். வாயில் வைக்க முடியாத அந்த வெறுஞ்சோற்றை நான் இரண்டு கையாலும் அள்ளாத குறையாகத் தின்றேன். முன்பின் தெரியாத ஒரு ஆம்பளை முன்னால் உட்கார்ந்து அப்படித் தின்றது எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்திலும் தட்டிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. பார்த்துக்கொள், நன்றாகப் பார்த்துக்கொள் என்று அந்த அதிகாரி முகத்தைப் பார்த்தபடியே தின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போகுமுன் அவர் ஒரு கேள்வி கேட்டார். டாக்டர் தமிழில் சொன்னார். "ஆளுக்கு ஒரு அகப்பைதானே குடுக்கினம். உம்மட பங்கை நீர் காலமையே சாப்பிட்டிட்டீர். அப்ப பொட்டலத்தில இருந்தது ஆற்றை சோறு?"

"அவரோடதா இருக்கும். அவருக்குக் கிராணி வீட்டுல ரொட்டி குடுக்கிறாங்க," என்றேன்.

டாக்டர் உடனே மொழிபெயர்க்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்புறம்தான் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போனார்.

என் வீட்டுக்காரரை உடனே விட்டுவிடவில்லை. அதற்கு ஆயிரம் மேல்விசாரணை, ஆயிரம் கையெழுத்து. இதற்குள் டாக்டர் என் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்தார். முழுசு, முக்கால், பாதி. பாதிக்கு வந்தபோது நான் தோட்டத்துக்குத் திரும்பினேன். மனம் நிலைகொள்ளவில்லை. கேட்டுப் பக்கம் ஜீப்புச் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். யார் யாரோ இறங்குவார்கள், இவர் இருக்க மாட்டார். கப்பலில் ஏற்றியிருந்தால்கூட எனக்கு யார் வந்து சொல்லப் போகிறார்கள் என்று நினைத்து நினைத்து நகத்தை எல்லாம் கடித்துத் தீர்த்தேன்.

ஒருநாள் கிராணி வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நாள் என் வீட்டுக்காரருக்கு ரொட்டியும் டீயும் கொடுத்ததற்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லலாம் என்று போனேன்.

"ரொட்டியா?" என்றார் அந்த அம்மா. "எங்க வீட்டுல வெறகு பொளக்கவே அவரு வந்ததில்லையே."

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? எதிரே அவர் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். பொய் சொல்கிறவன் ஒரு தடவை சொல்வான், இரண்டு தடவை சொல்வான், தினமும் முகம் மாறாமல் சொல்வானா? வரட்டும், வாசல்படி ஏறுமுன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவேன் என்று வார்த்தை வார்த்தையாகத் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நின்ற சமயம் அவரை விட்டார்கள். நான் மத்தியானச் சோறு வாங்கக் கொட்டகை வரிசையில் நின்றபோது, கேட்டிலிருந்து கையை வீசிக்கொண்டு நடந்து வந்தார். சட்டை தோளில் தொங்கியது. நேராக வந்து வரிசையில் என் பின்னால் நின்றார், நேற்றும் அங்கேதான் நின்றவர் மாதிரி. தயார் பண்ணி வைத்திருந்தது ஒன்றும் என் வாயில் வரவில்லை.

"மாத்திர சாப்புடுறியா?" என்றார்.

"சாப்புடுறேன். பாதியாக் கொறச்சிட்டாங்க."

ஆளுக்கு ஒரு அகப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். எதிரெதிரே உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் அவர் கை தானாகத் தன் தட்டுச் சோற்றில் பாதியை ஒதுக்கி என் தட்டில் தள்ளியது.

"வேணாம்," என்றேன். "இப்ப அந்தப் பசி இல்லங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவர் தள்ளினதையும் என் பங்கில் பாதியையும் சேர்த்து அவர் தட்டில் போட்டேன்.  அவர் சாப்பிட ஆரம்பித்தார். தலை நிமிரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. என் தட்டில் மிச்சம் இருந்ததையும் நகர்த்தி வைத்தேன். அதையும் சாப்பிட்டார். விரலால் தட்டை வழித்தார். வழித்துவிட்டு, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்குக் கேட்குமோ கேட்காதோ என்கிற குரலில் கேட்டார்.

"இன்னும் இருக்கா?"

நான் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.